பாறணைக்கு முன் ஒரு குழாய் ரத்தம்

லண்டனில் இறங்கியதும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, என் ரத்தம் என்ன குரூப் என்பது. கேட்டவர் டாக்டர் பிலோமினா. விமான நிலைய வாசலில் என் பெட்டியை ஒரு கையால் வாங்கிக்கொண்டே கேட்டார். ஏபி என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கலியாணம் கட்டிட்டீங்களோ?"

"ஆமா."

"பிள்ளையள்?"

"ரெண்டு. ஒரு பொண்ணு, ஒரு பையன்."

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. "அப்ப சரிவராது" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு நடக்க ஆரம்பித்தார். பிள்ளை பெற்றதற்காக என்னை யாரும் அதுவரை நிராகரித்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நவம்பர் மாதம் அது. நான் சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவந்தேன். உயிருள்ள அணுக்களைத் தட்டில் வளர்க்கும் வித்தையைக் கற்றுக்கொண்டு வரும்படி ஒரு மாதம் அனுப்பியிருந்தார்கள். கற்றுத்தர ஒப்புக்கொண்டவர் டாக்டர் பிலோமினா. மன்னாரில் பிறந்த கத்தோலிக்கர். படிக்க வந்து, அங்கேயே ஆராய்ச்சியில் நிலைத்துவிட்டவர். ஸ்ட்ரெதமில் தனியாக ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஆய்வுக்கூடம்.

ரயிலில் உட்கார்ந்ததும் விளக்கம் கிடைத்தது. தட்டில் வளரும் அணுக்களுக்கு உணவோடு மனித சீரம் கலந்து கொடுக்க வேண்டும். ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர்தான் சீரம். அது ஏபி குரூப்காரருடையதாக இருந்தால் வேறொருவரின் அணுக்களோடு சண்டைக்குப் போகாது. ஆனால் பிள்ளை பெற்றவளின் சீரம் உதவாது. கருவிலிருந்த குழந்தைக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்பொருள் அதில் தங்கிவிடும், தட்டிலுள்ள அணுக்களைக் கொன்றாலும் கொல்லும். இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்ததுதான். விமான நிலையத்தில் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவே.

"ஆம்பிளையளுக்கு உலகத்தில ஒரு உபயோகம் இருக்கத்தானே வேணும்" என்றார் டாக்டர் பிலோமினா.

நான் தங்கியது அப்டன் பார்க்கில், தவராசா என்பவரின் காய்கறிக்கடைக்கு மேலிருந்த வீட்டில். தவராசா யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக்குத் தப்பி வந்து, பெட்ரோல் பங்கிலும் கிடங்கிலும் வேலை பார்த்து, இந்தக் கடையைப் பிடித்திருந்தார். பல வருடம் தனியாக இருந்தவர். மனைவி புவனமும் மூன்று பிள்ளைகளும் அந்தக் கோடையில்தான் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்திருந்தார்கள். கத்தரிக்காய் வாங்க வந்த டாக்டர் பிலோமினா ஒருநாள் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவர் ஏபி, ஆண். அன்றிலிருந்து அவருக்குக் கடையில் மட்டுமல்ல, ஆய்வுக்கூடத்திலும் மரியாதை.

அந்தத் தெருவில் நடந்தால் லண்டனுக்கு வந்தோமா என்று சந்தேகமாக இருக்கும். முருங்கைக்காய் கட்டுக் கட்டாக நிற்கிறது. வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். எதிர்க்கடையில் பொம்மை ஒன்று காஞ்சிபுரம் பட்டைக் கட்டிக்கொண்டு குளிரில் நிற்கிறது. காபி மட்டும் கிடைக்கவில்லை. காபி என்று அந்த ஊரில் கொடுப்பதைப் பற்றி நான் எழுதாமலிருப்பதே நாகரிகம். புவனம் அக்கா இஞ்சி தட்டிப்போட்டுக் கொடுத்த தேத்தண்ணிதான் என்னைக் காப்பாற்றியது. "தங்கச்சி, காணுமோ? இன்னும் கொஞ்சம் விடவோ?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றிவிடுவார். பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. புட்டும் அப்படித்தான், இடியப்பமும் அப்படித்தான். போதும் என்று இலைக்கு மேல் கை வைத்தால், கையின் மேலேயே பரிமாறக்கூடியவர்.

ஆய்வுக்கூடம் ஊரின் நடுவில், ஒரு பழைய மருத்துவமனையின் பின்கட்டில் இருந்தது. எங்கள் சென்னைக் கூடத்தில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அங்கே அந்தக் கவலை இல்லை. அதனால் கவலையே இல்லை என்று நினைத்தால் தப்பு. அணுக்களை உடல்சூட்டில் வைத்திருக்கும் அலமாரியின் மூன்றாம் அடுக்கில் ஒரு தட்டு நிறையக் கவலையை டாக்டர் பிலோமினா வளர்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பெயர் மோரீன்.

மோரீன் ஒரு பள்ளிக்கூடச் சமையற்காரி. கிழக்கு லண்டன்காரி, ஐம்பதை நெருங்கும் வெள்ளைக்காரப் பெண். கருப்பை வாயில் புற்று. அந்தப் புற்றை உண்டாக்குவது ஒரு வைரஸ். மருக்களை உண்டாக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலான பெண்களுக்கு வந்த சுவடு தெரியாமல் போய்விடும். சிலரிடம் மட்டும் தங்கிக்கொண்டு, வருடக்கணக்கில் பொறுத்திருந்து வேலையைக் காட்டும். உடம்பின் தற்காப்பு அணுக்கள் அதைக் கண்டுபிடித்துக் கொல்ல வேண்டும். அவை ஏன் பேசாமல் இருந்துவிடுகின்றன, வைரஸின் எந்தத் துண்டைக் காட்டினால் விழித்துக்கொள்ளும் என்பதுதான் டாக்டர் பிலோமினாவின் கேள்வி. அந்தத் துண்டு தெரிந்தால் அதை வைத்துத் தடுப்பூசி செய்யலாம்.

பல நோயாளிகளின் ரத்தத்தில் தேடியிருக்கிறார். மோரீனின் ரத்தத்தில் மட்டும், வைரஸின் ஒரு குறிப்பிட்ட துண்டைக் கண்டதும் பெருக ஆரம்பித்த தற்காப்பு அணுக்களின் ஒரு சிறு கூட்டம் அகப்பட்டது. அதை ஒரு வருடத்துக்கு மேலாக ஊட்டி வளர்த்து, கொல்லத் தெரியுமா என்று சோதிக்கும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். இன்னும் இரண்டு வாரம் வளர்ந்தால் சோதனைக்குப் போதும். அதற்குள் அழிந்துவிட்டால் மறுபடி தொடங்க வழியில்லை. மோரீனுக்கு அதற்குள் பலமுறை கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்தாகிவிட்டது. அவர் ரத்தத்தில் இப்போது எடுக்க ஒன்றுமில்லை.

எங்கள் மருத்துவமனையில் இந்த நோய்க்குத் தனி வார்டே இருக்கிறது. கிராமத்திலிருந்து வருவார்கள். எல்லாரும் தாமதமாகத்தான் வருவார்கள். வீட்டு வேலை, வயல் வேலை, வெட்கம், பஸ் கட்டணம் எல்லாம் முடிந்தபிறகு நோயைக் கவனிக்க நேரம் கிடைக்கும்போது ஒன்றும் செய்ய முடியாமல் போயிருக்கும். அந்த வார்டைத் தாண்டித்தான் தினமும் நான் என் மேசைக்குப் போகவேண்டும். ஆகவே அந்தத் தட்டை முதல்முறை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது கண்ணை எடுக்க மனம் வரவில்லை. உருண்டு திரண்டு, பளபளவென்று, கூட்டம் கூட்டமாக இருந்தன.

"வடிவா இருக்கினம், என்ன?" என்றார் டாக்டர் பிலோமினா. அணுக்களை அவர் ஒருபோதும் அஃறிணையில் சொல்லிக் கேட்டதில்லை.

மோரீனை அதே வாரம் பார்த்தேன். சிகிச்சைக்கு வரும் நாட்களில் பின்கட்டுக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாராம். தலையில் ஒரு நீலத் தொப்பி. "என் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறார்கள் என்றார் டாக்டர். "சாப்பிடுகிறார்களா? என்ன போடுகிறீர்கள்?" சமையற்காரியின் கேள்வி. ஓர் இலங்கைக் காய்கறிக்கடைக்காரரின் ரத்தத்திலிருந்து எடுத்தது என்று டாக்டர் சொன்னதும், சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "என் பள்ளிப் பிள்ளைகள் கோஸைக்கூடத் தொடமாட்டார்கள். இவர்கள் கடைக்காரரையே சாப்பிடுகிறார்களே."

சிக்கல் அந்த உணவில்தான் வந்தது. சீரம் கொடுத்துவந்த மூவரில் இருவர் ஒரே வருடத்தில் கனடாவுக்குப் போய்விட்டார்கள். கம்பெனிகள் விற்கும் சீரத்தை ஒரு சிறு தட்டில் போட்டுப் பார்த்தார் டாக்டர். அணுக்கள் சுருங்கி மிதந்தன. மிஞ்சியிருந்தவர் தவராசா ஒருவர்தான். மிஞ்சியிருந்த சீரம் ஒரே புட்டி. சிக்கனமாகப் பிடித்தால் ஒரு வாரம் தாங்கும். தவராசா அடுத்து ரத்தம் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. அது தீபாவளி.

அன்று காலை நான் சீக்கிரமே கிளம்பிவிட்டேன். அடுப்படியில் ஆட்டிறைச்சி கொதிக்கும் மணம் மாடிப்படி வரை வந்தது. மத்தியான விருந்துக்கு இப்போதே தயாராகிறார் போல என்று நினைத்து, நாக்கைக் கட்டிக்கொண்டு ரயிலேறினேன்.

பின்னாலேயே தவராசா புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஒரு பை நிறைய ரத்தம் கொடுத்துவிட்டு, கடை திறக்க வேண்டும் என்று புறப்பட்டார். டாக்டர் ரத்தம் உறையும்வரை பொறுத்து, இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி, மூடியைத் திறந்தார். உள்ளே தெளிந்த மஞ்சள் நீர் இல்லை. முதல் பிழிந்த தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளை வெளேரென்று நின்றது. வடிகட்டியில் ஊற்றினால் இறங்க மறுத்தது. மறுபடி சுழற்றினார். வடிகட்டியை மாற்றினார். கொழுப்பு போகவில்லை. கடைசியில் கையுறையைக் கழற்றிவிட்டுக் கடைக்குப் போன் போட்டார்.

"தவராசா, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

தவராசா பொய் சொல்லத் தெரியாதவர். "புட்டு. ஆட்டிறைச்சிக் கறி. பேந்து பொரியல். பேந்து நெய்யில ஒரு பலகாரம் செய்தவ."

"வெறும் வயித்தோட வாங்கோ எண்டு சொன்னனான் எல்லோ."

"நான் அவவுக்குச் சொன்னனான், டொக்டர். அவ விடேல்லை."

முந்தைய தடவைகளில் அவர் தனி ஆள். விடிகாலைச் சந்தையில் சரக்கு எடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு வந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பட்டினி அவருக்கு இலவசமாகக் கிடைத்த காலம். இப்போது வீட்டில் புவனம் அக்கா இருந்தார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது விருந்து அப்படியே மூடியிருந்தது. புவனம் அக்கா அழுது முடித்திருந்தார். "நல்ல நாளும் பெருநாளுமா ஒரு மனுசனை வெறும் வயித்தோட ரத்தம் குடுக்க அனுப்பிறதோ, தங்கச்சி? ரத்தம் குடுக்கப் போறவருக்குச் சாப்பாடு குடுக்கிறதுதானே முறை?" என்றார். எங்கள் வீட்டிலும் என் அம்மா அதைத்தான் செய்திருப்பாள்.

மறுநாள் காலை அக்காவே என்னோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டார். கோட்டைக் கழற்றி, கையை நீட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "நானும் ஏபிதான், டொக்டர். நேற்று மத்தியானத்தில இருந்து ஒண்டும் தின்னேல்லை. எடுங்கோ."

டாக்டர் பிலோமினா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மூண்டு பிள்ளையள் பெத்தனீங்கள், அக்கா. உங்கட ரத்தம் ஏலாது."

காரணத்தை நான் மெல்ல விளக்கினேன். தவராசாவிடம் திரும்ப எடுக்கலாமே என்றார் அக்கா. அதற்கும் வழியில்லை. ஒரு முறை ஒரு பை கொடுத்தவரிடம் சில மாதங்களுக்கு ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது என்பது மருத்துவமனையின் விதி. டாக்டர் விதியை மீறுகிறவர் அல்ல. "அணுவுக்காக மனுசரை வருத்தக் கூடாது" என்று முடித்துவிட்டார். அக்கா அலமாரியின் மூன்றாம் அடுக்கைக் காட்டிக் கேட்டார்.

"எத்தினை நாள் இருக்கு?"

"ஒரு கிழமை."

"இண்டைக்குக் கந்தசஷ்டி துவங்குது" என்றார் அக்கா. "வெஸ்ட் ஈலிங் கோயிலுக்கு ஆறு நாளும் சனம் வரும். எல்லாரும் வெறும் வயிறு. நான் பாக்கிறன்."

அவர் பார்த்த விதத்தை அடுத்த நாள் மாலை நானும் டாக்டரும் நேரில் போய்க் கண்டோம். ஒருகாலத்தில் கிறிஸ்தவர்கள் தொழுத கட்டிடம் அது. டாக்டர் பிலோமினா வாசலில் நின்று கூரையைப் பார்த்துவிட்டு, "எனக்கு இஞ்ச வர உரிமை இருக்கு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். உள்ளே சூடம், ஈரக் கம்பளி, சாமந்தி எல்லாம் கலந்த மணம். பூசை முடிந்து திருநீறு வாங்கித் திரும்பும் ஒவ்வொரு ஆணையும் புவனம் அக்கா மறித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, என்ன குரூப்? தெரியாதோ? ஏன் தெரியாது? அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ."

அக்கா லண்டனில் வந்து இறங்கிச் சில மாதங்களே ஆனவர். பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவர். ஐயர் வந்து என்ன விஷயம் என்று கேட்டார். விரதகாரரிடம் ரத்தம் எடுக்கலாமா என்று அவருக்குச் சந்தேகம். "ஐயா, ஒரு பொம்பிளையின்ர உயிரணு அங்க பசியில கிடக்கு" என்றார் அக்கா. ஐயர் யோசித்துப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியைக் கொண்டுவரச் சொன்னார். கோயில் ஒலிபெருக்கியில் ரத்த குரூப் கேட்டதை நான் அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

மூன்று ஏபி ஆண்கள் கிடைத்தார்கள். ஒருவர் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர். இன்னொருவருக்கு அகதி முகாமில் இருந்தபோது மஞ்சள்காமாலை வந்திருந்தது. மூன்றாமவர் பரஞ்சோதி. இரவில் பெட்ரோல் பங்கில் ஷிப்ட், பகலில் கோயில் மடைப்பள்ளியில் சமையல். பரிசோதனைக்கென்று ஒரு சிறு குழாய் ரத்தம் எடுத்தார்கள். எந்தக் குறையும் இல்லை. ஒரே ஒரு தடை. அவர் ஆறு நாளும் மிளகும் தண்ணீரும் மட்டும் என்ற கடும் விரதத்தில் இருந்தார். அப்படியிருந்துகொண்டே நூறு பேருக்குச் சமைக்கிறார். உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைப்பதில்லையாம்.

விரதத்தில் இருப்பவரிடம் இதற்குமேல் ரத்தம் எடுக்க டாக்டர் மறுத்துவிட்டார். மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு? ஆறாம் நாள் சூரன் போர், ஏழாம் நாள் காலை பாறணை. அதாவது விரதத்தை முடித்துச் சாப்பிடுவது. சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்றால் சீரம் மறுபடி பாலாகும். புட்டியும் அன்றோடு தீர்கிறது. கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஏழாம் நாள் காலை, பாறணைக்கு முன், ஒரு பெரிய குழாய் அளவுக்கு மட்டும் எடுப்பது. ஊசியை உருவிய உடனே அவர் சாப்பிட வேண்டும். சாப்பாட்டுக்குத் தான் பொறுப்பு என்றார் புவனம் அக்கா. அந்த வாரத்தில் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அப்போதுதான்.

பரஞ்சோதியைக் கூட்டிவரும் வேலை எனக்கு. விடியும் முன்பே எழுந்து எல்லாருக்கும் பாறணைச் சமையலை முடித்துவிட்டு, நெய்யும் கடுகும் மணக்க ஈலிங்கில் ரயிலேறினார். கண் குழிந்திருந்தது, நடை மட்டும் தளரவில்லை. நானும் அன்று காலை எதுவும் குடிக்கவில்லை. அது பக்தி இல்லை, மரியாதை.

நாலைந்து நிலையம் தாண்டியதும் ரயில் சுரங்கத்துக்குள் நின்றது. சிக்னல் கோளாறு, மன்னிக்க வேண்டும் என்றார் ஓட்டுநர். லண்டன் ரயிலில் மன்னிப்புக்கு மட்டும் குறைவே கிடையாது. நம் ஊர் என்றால் இந்நேரம் பெட்டியில் பாதிப்பேர் சொந்தக்காரர் ஆகியிருப்பார்கள். இங்கே எல்லாரும் செய்தித்தாளை இன்னும் உயர்த்திக்கொண்டார்கள். எதிர்சீட்டுக்காரர் மட்டும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, வெண்ணெய் ஒழுக ஒரு ரொட்டியைக் கடிக்க ஆரம்பித்தார். பரஞ்சோதி கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. ஜபம் செய்கிறார் என்று நினைத்தேன்.

"தலை சுத்துதா அண்ணே?"

"இல்லை, பிள்ளை. கோயில்ல கத்தரிக்காய்க் கறி காணுமோ எண்டு யோசிக்கிறன்."

ரயில் அசையவில்லை. அலமாரியில் மோரீனின் அணுக்கள் கடைசிச் சொட்டைத் தின்றுகொண்டிருக்கும். இவர் இங்கே மயங்கினால் என்ன செய்வது என்றும் பயமாக இருந்தது. பேச்சுக் கொடுத்தேன். அந்த அணுக்கள் என்ன செய்யும் என்று கேட்டார். வைரஸ் பிடித்த அணுவைத் தேடிப்போய்க் கொல்லும், கொல்லுமா என்றுதான் பார்க்கப்போகிறோம் என்றேன்.

"நேத்து எங்கட சூரன் போர் முடிஞ்சுது" என்றார். "இனி இஞ்ச துவங்குது போல."

அதைச் சொல்லி அவரே சிரித்தார். ரயிலும் ஒரு குலுக்கு குலுக்கிக் கிளம்பியது.

மருத்துவமனை நடைவழியில் புவனம் அக்கா எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். மடியில் நான்கு அடுக்கு கேரியர். அதே பெஞ்சில், சிகிச்சைக்காக வந்திருந்த மோரீன், நீலத் தொப்பியோடு. பரஞ்சோதி உள்ளே போனார். அக்கா கேரியரைத் திறக்கவில்லை, மணம்தான் திறந்துகொண்டது.

"இது என்ன என்று கேள். நெய் மணக்கிறது" என்றார் மோரீன் என்னிடம். நான் மொழிபெயர்த்தேன். விரதகாரர் சாப்பிட்டபிறகுதான் மற்றவர்களுக்கு என்று அக்கா சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன். எதற்கு விரதம், யார் உள்ளே போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்ட மோரீன், விஷயம் புரிந்ததும் அக்காவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "அவை என்னுடைய அணுக்கள்" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். இதை மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பரஞ்சோதி கையில் பஞ்சோடு வெளியே வந்தார். பெஞ்சிலேயே பாறணை நடந்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய், வடை. தாதி ஒருத்தி வந்தாள், அதட்டப் போகிறாள் என்று பயந்தேன். அவள் வடையைப் பார்த்துவிட்டு, கை துடைக்க ஒரு காகிதத் துண்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். கடைசி அடுக்கில் சவ்வரிசிப் பாயாசம். அக்கா அதை மூடியில் ஊற்றி மோரீனிடம் கொடுத்தார்.

மோரீன் ஒரு வாய் குடித்துவிட்டு உள்ளே உற்றுப் பார்த்தார். "இதே உருண்டைகளைப் போட்டுத்தான் நானும் பள்ளியில் புட்டிங் செய்கிறேன். பிள்ளைகள் தவளை முட்டை என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். இதை எப்படிச் செய்தீர்கள்?" அக்கா செய்முறையைச் சொன்னார். நெய்யில் முந்திரியை வறுக்கும் இடத்தில் நான் தமிழை ஆங்கிலமாக்கும் முன்பே மோரீன் தலையாட்டினார். சமையற்காரிகளுக்கு என் உதவி அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

உள்ளே குழாயில் நின்ற சீரம் நல்லெண்ணெய் நிறத்தில், கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. டாக்டர் பிலோமினா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். முன்பு எடுத்த சிறு குழாய் நோய்ப் பரிசோதனைக்கே தீர்ந்துவிட்டதால், புது ஆளின் சீரம் ஒத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டிச் சோதிக்க வழியிருக்கவில்லை. ஊட்டினோம். அதன்பின் ஒவ்வொரு காலையும் கோட்டைக்கூடக் கழற்றாமல் மைக்ராஸ்கோப்புக்கு ஓடினோம். முதல் நாள் கொஞ்சம் சுணங்கிக் கிடந்தன. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் உருண்டு திரண்டு கூட்டம் கூட்டமாக நின்றன. பெருகிவிட்டார்கள் என்றார் டாக்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன்.

டாக்டர் பிலோமினாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கூடத்தில் அவருக்குக் கீழே எத்தனையோ பேர் வேலை செய்தார்கள். ஆனால் அணுக்களுக்கு ஊட்டும் வேலையை அவர் யாரிடமும் விட்டதில்லை. ஞாயிறு பூசை முடிந்து நேரே வந்து ஊட்டிவிட்டுப் போவார். பேர் வாங்கிய விஞ்ஞானிகள் கூட்டங்களில் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். பெரிய விஷயங்களை ஒரு வருடம் விடாமல் சோறு ஊட்டுவது போலச் செய்கிற ஒருவரை அங்கேதான் பார்த்தேன்.

சோதனை நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் நடந்தது. ஒரு வரிசையில் வைரஸின் அந்தத் துண்டைச் சுமந்த அணுக்கள், இன்னொரு வரிசையில் சுமக்காதவை. இரண்டுக்குள்ளும் கதிரியக்க குரோமியம் ஏற்றப்பட்டிருக்கும். மோரீனின் அணுக்களை இரண்டிலும் விட வேண்டும். கொல்லப்பட்ட அணு உடைந்து, உள்ளே இருந்த குரோமியம் வெளியே கசியும். இயந்திரம் அதை எண்ணிக் காகிதத்தில் அடிக்கும். மதியம் முழுக்க அது டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் பக்கத்தில் நிற்காமல், கழுவின பாத்திரங்களையே திரும்பக் கழுவினார்.

காகிதத்தை நான்தான் கிழித்துக் கொடுத்தேன். துண்டைச் சுமக்காதவை அப்படியே இருந்தன. சுமந்தவை செத்துப்போயிருந்தன. இரண்டு வரிசைக்கும் இருந்த வித்தியாசத்தைச் சொல்ல விஞ்ஞானம் தேவையில்லை. டாக்டர் பிலோமினா காகிதத்தை இரண்டு முறை படித்தார். மோரீனுக்கு நாளைக்கு நேரில் சொல்லவேண்டும் என்றார். பிறகு போனை எடுத்து, தன் மேலதிகாரியைக் கூப்பிடாமல் அப்டன் பார்க் கடையைக் கூப்பிட்டார். ரிசீவரை எனக்கும் கேட்கும்படி சாய்த்துப் பிடித்தார்.

"புவனம் அக்கா, அவை தங்கட வேலையைச் செய்திட்டினம். சரியான ஆக்களைத்தான் சாக்காட்டியிருக்கினம்."

அந்தப் பக்கம் கடையின் இரைச்சல். யாரோ கறிவேப்பிலை கேட்டார்கள். அக்கா அவர்களைப் பொறுக்கச் சொன்னார்.

"அப்ப அண்டைக்குப் பாயாசம் குடிச்ச பிள்ளைக்குச் சுகம் வந்திடுமோ, டொக்டர்?"

டாக்டர் பிலோமினா கண்ணாடியைக் கழற்றினார்.

"இல்லை, அக்கா. அவவுக்குப் பிந்திப் போச்சு. இது ஒரு நாள் ஊசியா வந்தால் அவவின்ர மகளுக்கு உதவும். உங்கட மகளுக்கு, இஞ்ச நிக்கிற இவவின்ர மகளுக்கு. அதுக்கும் கனகாலம் செல்லும். இப்ப இன்னும் ஊட்ட வேணும், இன்னும் பாக்க வேணும்."

கல்லாப்பெட்டி மூடும் சத்தம் கேட்டது.

"ரத்தம் குடுக்க என்ர மனுசன்ர முறை திரும்ப எப்ப வரும்?"

"மார்ச்சில."

"சரி, டொக்டர்" என்றார் புவனம் அக்கா. "நான் பட்டினியோட அனுப்பிறன்."